மணற்றீவின் செப்புக் கலங்கள்

கப்பலுடைந்து கரையேறியோர் கதை என்றதும் நம் மனக்கண் முன்னே முதலில் வந்து நிற்பவன் றொபின்சன் குரூசோவே. ஆட்டுத்தோலாற் செய்த உயர்ந்த குல்லாய், தோளிலே துப்பாக்கி, தலைக்கு மேலே தோற்குடை, பக்கத்திலே பேசுங்கிளி. தானியேல் டீபோ 1719 ஆம் ஆண்டிலே படைத்துவிட்ட இவ்வுருவம் மூன்று நூற்றாண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளின் நெஞ்சிலே குடியிருந்து வருகின்றது. நாமும் சிறுவயதில் அக்கதையை ஒரு சுருக்கப் பதிப்பிலே படித்துவிட்டு, வீட்டுக் கோடிப்புறத்திலே பழைய பாய்களைக் கொண்டு ஒரு குடிசை கட்டி, அம்மாவிடம் ஏச்சு வாங்கியவர்களே.

சில காலத்துக்கு முன் வகுப்பிலே அக்கதையைப் பற்றிப் பேச நேர்ந்தது. குரூசோ எதற்காகக் கடலேறினான் என்று ஒரு மாணவன் கேட்டான். பிறேசில் நாட்டிலே தோட்டம் வைத்திருந்த குரூசோ, தனக்கும் அயற்றோட்டக்காரருக்கும் வேண்டிய அடிமைகளைக் கள்ளத்தனமாக வாங்கி வருதற்கென்றே ஆபிரிக்கக் கரையை நோக்கிப் புறப்பட்டான் என்று கூறினோம். சுருக்கப் பதிப்புகள் இச்செய்தியை மெல்ல விழுங்கிவிடுவது வழக்கம். மாணவன் சற்று நேரம் சிந்தித்துவிட்டு, “சேர், போகும்போது உடையாமல் வரும்போது கப்பல் உடைந்திருந்தால் கதை எப்படி இருந்திருக்கும்?” என்றான்.

அன்று நாம் தக்க விடை சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது என்பது ஒரு சாட்டு. உண்மையில் அக்கேள்வி நம்மை வாயடைக்கச் செய்துவிட்டது. பின்னர் ஒரு நாள் பழைய குறிப்புகளைப் புரட்டியபொழுதுதான், அம்மாணவன் கேட்ட கதை உலகிலே உண்மையாகவே நிகழ்ந்தது என்பது நினைவுக்கு வந்தது. அடிமைகளை ஏற்றிவரும் வழியிலே உடைந்த ஒரு கப்பலின் கதை அது. நிகழ்ந்த இடமும் நமக்கு அந்நியமானதன்று; நம் கரையைத் தழுவும் இந்து சமுத்திரமே.

கள்ளச் சரக்கு

1761 ஆம் ஆண்டு. பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்குமிடையே ஏழாண்டுப் போர் உலகின் பல கடல்களிலும் நடந்துகொண்டிருந்த காலம். அவ்வாண்டு சனவரியிலேதான் புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டது. அடுத்து அவர்கள் குறிவைக்கக் கூடியது ‘பிரான்சுத் தீவு’ எனப்பட்ட இன்றைய மொரீசியஸ் என்னும் அச்சம் அங்கிருந்த தேசாதிபதி தெபோர்ஜ் பூஷேயை வாட்டியது. முற்றுகை வந்தாற் சோறிட வேண்டிய வாய்கள் பெருகலாகாது என்று கருதி, தீவுக்குப் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதை அவர் தடைசெய்திருந்தார்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனிக்குரிய ‘லூட்டில்’ என்னும் கப்பல் 1760 நவம்பரிலே பயோன் துறைமுகத்தினின்றும் புறப்பட்டு வந்திருந்தது. ‘பயனுள்ளது’ என்பது அப்பெயரின் பொருள். உணவுப் பொருள் வாங்கவென மடகாஸ்கரின் கிழக்குக் கரையிலுள்ள பூல்புவாந்த் துறைக்கு அனுப்பப்பட்ட அக்கப்பலின் தலைவன் லபார்க், தடையைப் பொருட்படுத்தாது, ஏறக்குறைய 160 மலகாசி மக்களை, ஆண் பெண் இருபாலாரையும், விலைக்கு வாங்கிக் கீழ்த்தளத்திலே அடைத்துக்கொண்டு யூலை மாதக் கடைசியிலே பாய்விரித்தான்.

கப்பலிலே இரண்டு கடற்படங்கள் இருந்தன. சமுத்திரத்தின் நடுவே ‘மணற்றீவு’ என்று குறிக்கப்பட்ட ஒரு சிறு திட்டு ஒரு படத்திலே ஓரிடத்திலும், மற்றதிலே வேறோரிடத்திலும் இருந்தது. இத்தகைய வேளையில் இரவிலே பாயைச் சுருக்கி மெல்லச் செல்வதே மாலுமிக்கு அழகு. கள்ளச் சரக்கு ஏற்றியவனுக்கோ விரைவு ஒன்றே குறி. யூலை 31 ஆந் திகதி இரவு கப்பல் பவளப் பாரிலே மோதியது.

இங்கே ஒரு செய்தியை வேகமாகக் கடந்து செல்ல விரும்பினோம், இயலவில்லை. கீழ்த்தளத்தின் வாய்கள் மூடப்பட்டிருந்தன. மேற்றளத்திலே நின்ற மாலுமிகள் பாய்மரங்களை வெட்டி வீழ்த்திக் கப்பலைக் காக்க முயன்று கொண்டிருந்த நேரமெல்லாம், அடியிலிருந்தோர் இருளிலே நீர் ஏறுவதைக் கால்களால் அறிந்துகொண்டிருந்தனர். கப்பலின் உடல் பிளந்தபொழுதுதான் அவர்களுக்கு வழி திறந்தது. பொழுது புலர்ந்தபோது பிரெஞ்சு மாலுமிகளுள் ஏறக்குறைய 20 பேரும், அடிமைகளுள் ஏறக்குறைய 70 பேரும் இறந்து போயிருந்தனர்.

கிணறும் படகும்

அவர்கள் கரையேறிய நிலத்தைப் பற்றி வாசகர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறக்குறைய 280 மைல். நீளம் ஒரு மைலுக்குச் சற்றே அதிகம்; அகலம் அரை மைலுக்கும் குறைவு. மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்திற்கு மேல் இருபது அடியைச் சற்றே தாண்டும். குட்டையான பற்றைகளன்றி மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பவளக் கல், மணல், கடற்பறவைகள், முட்டையிட வரும் ஆமைகள். இவ்வளவே. நெடுந்தீவுக்குச் சென்று அங்குள்ள பவளக்கல் மதில்களையும் உவர்நீர்க் கிணறுகளையும் கண்டவர்கள் ஒருவாறு ஊகிக்கலாம். ஆயினும் நெடுந்தீவு இதன் முன் ஒரு பெருந்தேசம்.

தாகமே முதற்பகையாயிற்று. கப்பலிலிருந்து கரையொதுங்கிய பொருள்களை மாலுமிகள் தமக்கெனக் காவலிட்டு வைத்துக்கொண்டனர். நீரின்றி மலகாசி மக்களுட் பலர் முதல் நாட்களிலேயே மாண்டனர். சில நாட்களின் பின் பதினைந்து அடிக்கு மேல் ஆழமாகத் தோண்டிய ஒரு கிணற்றிலே, ஒருவாறு குடிக்கத் தக்க நீர் சுரந்தது.

கப்பற்றலைவன் லபார்க் சித்தங் கலங்கிப் போனான். முதல் உதவித் தலைவனான கஸ்தெலான் என்பவன் பொறுப்பை ஏற்றான். இவன் செயல்வீரன். உலையும் அடுப்பும் அமைப்பித்து, உடைந்த கப்பலின் மரங்களைக் கொண்டே ஒரு புதிய படகைக் கட்டத் தொடங்கினான். மலகாசி மக்களும் இவ்வேலையிலே தோள் கொடுத்தனர். படகு முடிய இரண்டு மாதமாயிற்று. ‘புரொவிடான்ஸ்’, அதாவது ‘இறையருள்’, என்று அதற்குப் பெயரிட்டனர்.

செப்தெம்பர் 27 ஆந் திகதி அப்படகு புறப்பட்டது. அதிலே 122 பிரெஞ்சுக்காரர் ஏறினர். உயிரோடிருந்த ஏறக்குறைய 60 மலகாசி மக்கள் கரையிலே நின்றனர். மூன்று மாதத்துக்குப் போதிய உணவு விடப்பட்டது. திரும்பி வந்து அழைத்துச் செல்வோம் என்னும் வாக்குறுதியும் விடப்பட்டது.

இறையருள் என்னும் பெயர் அப்படகுக்கு எவ்வளவு பொருத்தமோ நாம் அறியோம். நான்கு நாளிலே அது மடகாஸ்கரை அடைந்தது என்பது மட்டும் உண்மை. நான்கே நாட் பயணம்.

வாக்குறுதியின் வயது

கஸ்தெலான் தன் சொல்லை மறக்கவில்லை. ஒரு கப்பல் தருக என்று தேசாதிபதியிடம் மன்றாடினான். தன் ஆணையை மீறி வாங்கப்பட்டவர்களுக்காகப் போர்க்காலத்திலே ஒரு கப்பலை இழக்கத் தாம் ஆயத்தமில்லை என்று தேசாதிபதி மறுத்துவிட்டார். பிரான்சுத் தீவிலே பலர் இதனைக் கேட்டு வருந்தினர் என்பர். வருத்தம் கப்பலாகாது. கஸ்தெலான் 1762 இலே தாயகம் திரும்பினான். போர் 1763 இலே முடிந்தது. கம்பனியும் சில ஆண்டுகளிலே நொடித்துப் போயிற்று. 1772 ஆம் ஆண்டிலே கஸ்தெலான் கடற்படை மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, மணற்றீவிலே விடப்பட்டவர்களை மீண்டும் நினைவூட்டினான். பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன.

1773 இலே அவ்வழியே சென்ற ஒரு கப்பல், தீவிலே மனிதர் இருப்பதைக் கண்டு அறிவித்தது. அதன் பின்பே மீட்புக் கப்பல்கள் போயின. சுற்றிலும் பவளப் பார். அலைகள் ஓயாது உடையுமிடம். பெரிய கப்பல் அணுக இயலாது. முயற்சிகள் தவறின. 1775 இலே ‘சோத்தறெல்’ என்னும் கப்பல் இரு மாலுமிகளை ஒரு சிறு படகிலே இறக்கியது. படகு நொறுங்கியது. ஒருவன் நீந்திக் கப்பலுக்கு மீண்டான். மற்றவன் கரையிலே அகப்பட்டுக்கொண்டான். மீட்க வந்தவனே மீட்கப்பட வேண்டியவனானான். சில காலம் கழித்து அவன் ஒரு மிதவையை அமைத்து, மூன்று ஆண்களையும் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு, பறவை இறகுகளாற் பின்னிய பாயை விரித்துப் புறப்பட்டானாம். அவர்கள் எந்தக் கரையையும் அடைந்ததாகச் செய்தியில்லை.

1776 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆந் திகதி துரொமெலின் என்னும் படைத்தலைவன் ‘தோபீன்’ என்ற கப்பலோடு வந்தான். இம்முறை படகு கரையைத் தொட்டது. அங்கே நின்றவர்கள் ஏழு பெண்கள். ஒருத்தி கையிலே எட்டு மாதக் குழந்தை. ஆண் ஒருவரும் இல்லை. அத்தீவு இன்று துரொமெலின் தீவு என்றே வழங்குகின்றது. பதினைந்து ஆண்டு வாழ்ந்தோர் பெயரை விட்டு, வந்து சென்றவன் பெயரைச் சூடிக்கொண்டது.

எழுதப்படாத பதினைந்து ஆண்டு

சரித்திரக் கதை எழுத விரும்புவோர் முன்னே இப்பொழுது ஒரு பெரிய வினா எழுகின்றது. கப்பல் உடைந்த இரவைப் பற்றியும் படகு கட்டிய இரு மாதத்தைப் பற்றியும், கப்பலின் எழுத்தரால் எழுதப்பட்டதாகக் கருதப்படும் குறிப்பு உண்டு. கஸ்தெலானின் கடிதங்கள் உண்டு. தேசாதிபதியின் ஓலைகள் உண்டு. அப்பதினைந்து ஆண்டைப் பற்றியோ, மீட்கப்பட்ட பெண்கள் வாய்மொழியாகக் கூறியவற்றுட் சில துணுக்குகளே அதிகாரிகளின் அறிக்கை வழியாக எஞ்சின. இறகினாற் பின்னிய ஆடை உடுத்திருந்தனர் என்பது ஒன்று. முதலில் மூட்டிய தீயை அணையாமற் காத்து வந்தனர் என்பது மற்றொன்று. மரமற்ற தீவிலே தீ வளர்த்தல் என்றால் உடைந்த கப்பலின் மரங்களையே சிறிது சிறிதாக எரித்தல் என்று பொருள். தம்மை அடைத்து வைத்த கப்பலே அவர்களுக்கு விறகாயிற்று.

குரூசோவுக்கு மையும் தாளும் இருந்தன. அவன் நாட்குறிப்பு எழுதினான். நன்மை தீமைகளைக் கணக்குப் புத்தகம் போல இரு நிரையாக வகுத்தான். இப்பெண்களுக்கு அவை இல்லை. ஆயினும் அவர்கள் எழுதாமற் போகவில்லை என்றே நாம் சொல்வோம். அவர்கள் எழுதிய ஏடு மணலுக்கு அடியிலே கிடந்தது. மாக்ஸ் கெரூ என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவர்தம் கூட்டத்தாரும் 2006, 2008, 2010, 2013 ஆகிய ஆண்டுகளிலே நான்கு முறை அத்தீவுக்குச் சென்று அகழ்ந்து, அவ்வேட்டைப் படித்தனர். 1954 இலே அங்கே வானிலை நிலையம் அமைத்தபோது சில பகுதிகள் குலைந்துவிட்டன. எஞ்சியதே வியப்புக்குரியது.

முதலில் வீடுகள். கடற்கரைப் பாறைப் பலகைகளையும் பவளக் கற்களையும் அடுக்கி, மிகத் தடித்த சுவர்களாக எழுப்பியிருந்தனர். சூறாவளி வந்தால் அலையும் காற்றும் வாரியடிக்கும் அத்தாழ்ந்த நிலத்திலே வேறு வகையில் ஒரு கூரையைக் காத்திருக்க முடியாது. அவ்வீடுகள் ஆளுக்கொரு மூலையாகச் சிதறியிருக்கவில்லை. ஒன்றையொன்று நெருங்கி, காற்றுக்குப் புறங்காட்டி, நடுவே ஒரு முற்றத்தைச் சூழ்ந்திருந்தன. சிறியதொரு ஊர் என்றே அதனைச் சொல்லத் தகும்.

இதிலே மறைந்திருக்கும் நுட்பம் ஒன்றை ஆய்வாளர் எடுத்துக்காட்டுகின்றனர். மடகாஸ்கரின் மேட்டுநில மரபிலே கல்லாற் கட்டப்படுவது இறந்தோருக்குரிய இல்லம். உயிரோடிருப்போர் மரத்தாலும் புல்லாலும் நாணலாலுமே வீடு கட்டுவர். அப்படியாயின் மணற்றீவிலே முதற் கற்சுவரை எழுப்பி அதனுள்ளே உறங்கப் போன இரவு எப்படியிருந்திருக்கும்? நம் நாட்டிலே ஒருவரைச் சுடலை மடத்திலே குடியிருக்கச் சொன்னால் அவர் முகம் எவ்வாறு மாறும் என்று எண்ணிப் பாருங்கள். யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு கிழவியாகவே இருக்கலாம், ‘கட்டுவோம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். யாரோ ஒருவர் மறுத்திருக்க வேண்டும். அவ்விருவருக்குமிடையே நடந்த வாக்குவாதத்தை எழுதக் கூடிய கதாசிரியனே இக்கதைக்கு உரியவன் என்பது நம் துணிபு.

அடுத்து அடுக்களை. அதிலே செப்புக் கலங்கள் இருந்த இடத்திலேயே கிடந்தன. கப்பலிலிருந்து கிடைத்தவையும், கப்பலின் செப்புத் தகட்டை வெட்டிச் செய்த கரண்டிகளும், ஈயத்தை அடித்து ஆக்கிய பெருந்தொட்டிகளும் அங்கே காணப்பட்டன. கலங்கள் ஓட்டையாகும்பொழுதெல்லாம் சிறு செப்புத் துண்டை ஒட்டுப்போட்டு, செப்பாணி கொண்டு இறுக்கியிருக்கின்றனர். ஒரு கலத்திலே இவ்வாறு எட்டு முறை ஒட்டியிருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். நம் ஊர்களிலே முன்பு பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவோர் தெருத் தெருவாகக் கூவிச் சென்றதை நினைவுகூரும் வாசகர் இன்னும் சிலர் இருக்கலாம். அவருக்குத் துருத்தியும் ஈயமும் குலத்தொழிற் பயிற்சியும் இருந்தன. எட்டு முறை ஒட்டிய அக்கைகளுக்கு எது இருந்தது? முதல் ஒட்டுக்கும் எட்டாம் ஒட்டுக்குமிடையே எத்தனை பேர் இறந்திருப்பர், முதல் ஒட்டைப் போட்டவரும் எட்டாம் ஒட்டைப் போட்டவரும் ஒருவரேயா, தாய் மகளுக்குக் கற்பித்தாளா? கலம் ஒன்றே ஒரு நாவலுக்குப் போதும்.

உணவு எதுவென்று எலும்புகள் சொல்லின. பெரும்பாலும் கடற்பறவை, ஓரளவு ஆமை. பதினைந்து ஆண்டும் அதுவே. தானியம் இல்லை, கிழங்கு இல்லை, பழம் இல்லை.

இவற்றோடு இன்னும் சில கிடைத்தன: செப்பாற் செய்த காப்புகள், மோதிரங்கள், மெல்லிய சங்கிலித் துண்டுகள். அணிகலன்கள்! எவர் பார்க்க? உண்டு உயிர் பிழைத்தலே பெரும்பாடான இடத்திலே, அரிதான செப்பை வெட்டி, அடித்து, வளைத்து, தேய்த்து, ஒரு பெண் கையிலே அணிந்திருக்கிறாள். அல்லது வேறொருத்திக்கு அணிவித்திருக்கிறாள். ஒரு பிறப்பிற்கோ, ஒரு மணத்திற்கோ, ஒரு நேர்த்திக்கோ. குரூசோ தன் தீவிலே தனக்கென ஒரு கோட்டையும் குடையும் செய்தான். ஒரு மோதிரம் செய்ததாக நாம் எங்கும் படித்ததில்லை. மோதிரத்துக்கு இரண்டாமவர் ஒருவர் வேண்டும்.

கதாசிரியரின் சோதனை

நம் தமிழ் வாசகர் சரித்திரக் கதைகளைப் பெரிதும் விரும்புவோர். ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் வெளிவந்த நாட்களிலே ஒரு பிரதிக்குப் பல வீட்டார் காத்திருந்த கதையை முதியோர் சொல்வர். அரசர், இளவரசியர், ஒற்றர், ஓடக்காரப் பெண்கள் எனப் பாத்திரங்கள் நிறைந்த அத்தகைய கதைகளுக்குக் கல்வெட்டும் செப்பேடும் துணைநிற்கும். இங்கேயும் செப்பு உண்டு. ஏடு மட்டும் இல்லை.

கடலுடைந்த கதை நமக்குப் புதியதுமன்று. மணிமேகலையிலே ஆதிரையின் கணவன் சாதுவன், கலம் உடையவே ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நக்க சாரணர் நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைகின்றான். அவர்களது மொழியை அவன் அறிந்திருந்தமையே அவனைக் காப்பாற்றுகின்றது. மணற்றீவிலே மாலுமியரும் மலகாசி மக்களும் இரு மாதம் ஒரே மணலிலே கிடந்தனர். வேலை வாங்கவும் வேலை செய்யவும் வேண்டிய அளவுக்கு மேல் அவர்களிடையே பேச்சு வளர்ந்திருக்குமா? ‘திரும்பி வருவோம்’ என்ற வாக்கு எந்த மொழியிலே, எந்தச் சைகையோடு சொல்லப்பட்டது? நாமாயின் அக்காட்சிக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்குவோம்.

பிரெஞ்சு எழுத்தாளர் இதனைத் தொடாமல் விடவில்லை. இரேன் பிரேன் என்னும் பெண்மணி 2009 இலே இவ்விடயத்தை ஒரு நாவலாக்கினார். 2008 ஆம் ஆண்டு அகழ்வுக் குழுவுடன் சென்ற ஓவியர் சில்வேன் சவோயா, பழைய நிகழ்ச்சிகளையும் தாம் தீவிலே கழித்த நாட்களையும் மாறி மாறிச் சித்திரித்து 2015 இலே ஒரு சித்திரக் கதை நூலை வெளியிட்டார். அதற்கு மிக முன்னரே, 1781 இலே, கொண்டோர்சே என்ற தத்துவஞானி அடிமை முறைக்கு எதிராகப் புனைபெயரில் வெளியிட்ட நூலிலே இத்தீவின் கொடுமையை எடுத்துக்காட்டியிருந்தார். பிரான்சு தன் குடியேற்ற நாடுகளிலே அடிமை முறையை முதலில் ஒழித்தது 1794 இலே. மீண்டும் அதனைப் புகுத்திப் பின் முற்றாக நீக்கியது 1848 இலே.

எழுதுவோர் முன் உள்ள பெருஞ் சோதனை கஸ்தெலானே. அவன் நல்ல பாத்திரம். துணிவுண்டு, கைத்திறன் உண்டு, குற்ற உணர்வு உண்டு, கடிதங்கள் உண்டு. அவனைக் கதாநாயகனாக்கினால் கதை தானாகவே நடந்துவிடும். வாக்குத் தவறியமைக்காக வருந்தும் ஒரு கனவானைப் படித்துக் கண்ணீர் விடுவது வாசகனுக்கும் எளிது. ஆனால் அப்படி எழுதினால், தீவிலே இருந்தவர்கள் அவனுடைய துயரத்துக்கு ஒரு காரணமாக மட்டுமே நின்றுவிடுவர். காத்திருப்பதையன்றி அவர்களுக்கு வேறு தொழிலிராது. அகழ்ந்தெடுத்த வீடுகளும் கலங்களும் அவ்வாறு சொல்லவில்லை. ஓரிரு ஆண்டு காத்திருந்திருப்பர். பின்பு ஒரு நாள் காத்திருத்தலை நிறுத்திவிட்டுக் கற்சுவர் எழுப்பியிருப்பர். தடித்த சுவர் கட்டுகிறவர் நாளை புறப்படப் போகிறவரல்லர்.

பெயர் மாற்றம்

பிரான்சுத் தீவுக்கு அவ்வெழுவரையும் குழந்தையையும் கொண்டுவந்தபோது, நிர்வாக அதிகாரியாயிருந்த மயார் ஒரு முடிவுக்கு வந்தார். இவர்களை வாங்கியதே சட்ட விரோதம். ஆகவே இவர்கள் அடிமைகளல்லர், சுதந்திரர் என்றார். மடகாஸ்கருக்குத் திரும்பச் செல்ல அவர்கள் விரும்பவில்லை என்று பதிவாகியுள்ளது. பிடித்து விற்கப்பட்ட மண்ணுக்கு மீண்டாற் மறுபடியும் விற்கப்படலாம் என்று அவர்கள் அஞ்சியிருந்தால் அதிலே வியப்பில்லை.

அவ்வெண்மருள் மூவர் ஒரு குடும்பத்தார் என்பது அப்பொழுது தெரியவந்தது: பாட்டி, அவள் மகள், மகளின் குழந்தை. மயார் அவர்களைத் தம் இல்லத்திலே வைத்துக்கொண்டார். 1776 திசெம்பர் 15 ஆந் திகதி அவர்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. தாயின் பெயர் செமியாவு. ‘செருக்கற்றவள்’ என்னும் பொருள்படும் மலகாசிச் சொல்லின் பிரெஞ்சு எழுத்து வடிவம் அது என்பர். அவளுக்கு ஏவாள் என்று பெயரிட்டனர். பாட்டிக்கு, ஏற்றி வந்த கப்பலின் பெயராகிய தோபீன் என்பதையே இட்டனர். குழந்தைக்கு ஜாக் மொயீஸ்: முற்பாதி அதிகாரியின் பெயர், பிற்பாதி, நீரிலிருந்து எடுக்கப்பட்ட மோசேயின் பெயர்.

பெயரிட்டவர் அன்போடுதான் இட்டிருப்பார் என்று கொள்வோம். ஆயினும் ஒரு கேள்வி நம்மை விடுவதாயில்லை. அக்குழந்தை பிறந்து எட்டு மாதமாயிற்று. கற்சுவர் சூழ்ந்த முற்றத்திலே ஏழு பெண்கள் நடுவே தவழத் தொடங்கியிருக்கும். எட்டு மாதம் அதனை யாரும் பெயர் சொல்லி அழைக்காமலா இருந்திருப்பர்? செமியாவு தன் பிள்ளைக்கு இட்ட பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. சரித்திர ஆசிரியன் இங்கே கைகட்டி நிற்க வேண்டியதுதான். கதாசிரியன் அதற்கொரு பெயர் கண்டுபிடித்தே ஆகவேண்டும். ஏனெனில் முற்றத்தின் மறுபுறத்திலிருந்து அவள் அதனைக் கூப்பிட வேண்டும்.

நாமே அக்கதையை எழுதுவதாயின் 1776 நவம்பர் 29 ஆந் திகதி காலையிலிருந்து தொடங்குவோம். வெளிப் பாருக்கு அப்பால் ஒரு பாய் தெரிகின்றது. முன்பும் தெரிந்ததுண்டு, பெண்கள் பெரிதாகப் பரபரப்படையவில்லை. ஒருத்தி பறவையின் இறகைப் பறித்துக்கொண்டிருக்கிறாள். பாட்டி குழந்தையை மடியிலே வைத்து, வெயில் படாமல் இறகாடையின் தலைப்பால் மூடுகிறாள். படகு ஒன்று பாரைக் கடந்து உள்ளே வருகிறது; இம்முறை கவிழவில்லை. கைகாட்டி அழைக்கின்றனர், அவசரப்படுத்துகின்றனர், காற்று மாறிவிடும் என்கின்றனர்.

செமியாவு எழுந்து அடுக்களைக்குள்ளே போகின்றாள். ஒட்டுப்போட்ட கலத்தைக் கையிலெடுத்துப் பார்க்கின்றாள். எட்டாவது ஒட்டு இன்னும் இறுக்கமாகவே இருக்கின்றது. படகிலே இடம் சிறிது. கலத்தைத் துடைத்து, இருந்த இடத்திலே வைத்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு கரைக்கு நடக்கின்றாள். 232 ஆண்டுகளின் பின் மணலை விலக்கியவர்கள் அதனை அங்கேயே கண்டெடுத்தனர்.